கரோல் பாக் சந்தை முதல் பூசா ஆய்வகம் வரை: வைஃபை ரவுட்டரின் தரத்தைச் சோதிப்பது யார்?

புது தில்லி: தலைநகர் தில்லியின் கரோல் பாக் பகுதியில் அமைந்துள்ள கஃபார் மார்க்கெட், கைபேசிகளுக்கும் மின்னணுப் பொருட்களுக்கும் பெயர் பெற்ற சந்தையாகும். எல்லை காந்தி எனப் போற்றப்படும் கான் அப்துல் கஃபார் கானின் பெயரைத் தாங்கிய இச்சந்தையின் குறுகிய சந்துகளில், சார்ஜர்கள், கைபேசி உறைகள், உதிரி பாகங்கள் ஆகியவற்றுக்கு நடுவே வைஃபை ரவுட்டர்களும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

ஒவ்வொரு ரவுட்டரின் அடிப்பகுதியிலும் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். அதில் சில முத்திரைகளும் எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். விலையையும், பெட்டியின் மீது பெரிய எழுத்தில் காணப்படும் வேகத்தையும் பார்க்கும் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் இந்த ஒட்டுத்தாளைப் பார்ப்பதில்லை. ஆனால், அச்சாதனம் சோதிக்கப்பட்டதா, எதற்காகச் சோதிக்கப்பட்டது, யார் சோதித்தார்கள் என்பதற்கான விடை அந்த ஒட்டுத்தாளில்தான் உள்ளது.

வீட்டு ரவுட்டர் பழுதானால் அது வாங்கியவரின் பிரச்சினை மட்டும்தானே என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது முழு உண்மை அல்ல. வயர்லெஸ் சாதனம் ஒன்று பொது வெளியில் அலைகளை வீசுகிறது. அதன் குறைபாடு அண்டை வீட்டாரின் இணையத்தை முடக்கலாம். வானிலை ரேடாரின் பார்வையை மறைக்கலாம். ஆயிரக்கணக்கான சாதனங்களோடு சேர்ந்து ஒரு நாட்டின் இணையச் சேவையையே தாக்கும் கருவியாகவும் மாறலாம். இம்மூன்றும் உலகில் ஏற்கெனவே நிகழ்ந்தவை.

மூன்று எண்கள், மூன்று கேள்விகள்

இந்தியாவில் விற்பனைக்கு வரும் ஒரு வைஃபை ரவுட்டர் பொதுவாக மூன்று வாயில்களைக் கடந்து வர வேண்டியுள்ளது. மூன்றும் வெவ்வேறு அமைப்புகளின் கீழ் இயங்குகின்றன. மூன்றும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன.

முதலாவது, தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு வழங்கும் சாதன வகை ஒப்புதல். சுருக்கமாக 'ஈடிஏ' என அழைக்கப்படும் இந்த ஒப்புதல், சாதனம் எந்த அலைவரிசையில், எவ்வளவு ஆற்றலுடன் அலைகளை வெளியிடுகிறது என்ற கேள்விக்கு உரியது.

இரண்டாவது, தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் வழங்கும் கட்டாயச் சோதனைச் சான்றிதழ். 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட இந்தியத் தந்தி திருத்த விதிகளின் அடிப்படையில் இத்திட்டம் உருவானது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முதல் கட்டமாக நடைமுறைக்கு வந்த இத்திட்டம், பின்னர் படிப்படியாகப் பல வகைச் சாதனங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. தற்போதுள்ள வலையமைப்பின் செயல்பாட்டைச் சாதனம் கெடுக்கக் கூடாது. பயனாளருக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும். அதன் கதிர்வீச்சு வரையறுக்கப்பட்ட அளவைத் தாண்டக் கூடாது. தேசிய, சர்வதேச விதிமுறைகளுக்கு இணங்க வேண்டும் ஆகிய நான்கும் இத்திட்டத்தின் நோக்கங்களாகும்.

மூன்றாவது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு. மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்டது. ரவுட்டருடன் வரும் மின் அடாப்டர் இந்த ஆணையின் வரம்புக்குள் வருகிறது. மின்கசிவு, அதிக வெப்பம், தீப்பற்றுதல் போன்ற ஆபத்துகளைத் தவிர்ப்பதே இதன் நோக்கம்.

சுருங்கக் கூறின், முதல் எண் அலையைப் பற்றியது. இரண்டாவது எண் வலையமைப்பைப் பற்றியது. மூன்றாவது எண் மின்சாரத்தைப் பற்றியது. இவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பதால் மற்ற இரண்டும் இருப்பதாகக் கருத இயலாது.

உரிமம் தேவையில்லை, ஆனால் வரம்பு உண்டு

வயர்லெஸ் சாதனம் ஒன்றை வைத்திருப்பதற்கே அரசின் உரிமம் வேண்டும் என்பது 1933-ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டத்தின் அடிப்படை. அப்படியிருக்க, கோடிக்கணக்கான வீடுகளில் உரிமமின்றி வைஃபை இயங்குவது எவ்வாறு? குறிப்பிட்ட சில அலைவரிசைகளுக்கு அரசு விலக்கு அளித்திருப்பதே காரணம்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு 2005-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி விலக்கு அறிவிக்கப்பட்டது. 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அளவிலான பகுதிக்கு 2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் விலக்கு அளிக்கப்பட்டது. 6 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையின் கீழ்ப்பகுதிக்கான வரைவு விதிகள் 2025-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிடப்பட்டன.

விலக்கு என்பது கட்டுப்பாடின்மை அல்ல. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு சாதனம் ஆண்டெனாவின் குவிப்பையும் சேர்த்து அதிகபட்சம் 4 வாட் அளவுக்கே அலைகளை வீசலாம். இங்கு 'ஆண்டெனாவின் குவிப்பையும் சேர்த்து' என்ற சொற்கள் முக்கியமானவை. டார்ச் விளக்கின் பல்பு சிறியதுதான். பின்னால் உள்ள குழிந்த தகடு ஒளியை ஒரே திசையில் குவிப்பதால் வெகுதூரம் தெரிகிறது. அதுபோல, அதே ரவுட்டரில் வேறொரு ஆண்டெனாவைப் பொருத்தினால், உள்ளே எந்த மாற்றமும் செய்யாமலேயே வரம்பு மீறப்படக்கூடும். ஆகவே சோதனையில் சாதனமும் ஆண்டெனாவும் சேர்ந்தே கணக்கில் கொள்ளப்படுகின்றன.

இவ்விதிகளில் மற்றொரு நிபந்தனையும் உள்ளது. விலக்கு பெற்ற பட்டையில் இயங்கும் சாதனம் பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது. பிறரால் தனக்கு இடையூறு ஏற்பட்டால் பாதுகாப்பும் கோர முடியாது. பொதுக் கிணற்றில் நீர் இறைப்பது போன்றது இது. ஒருவர் மட்டும் அளவுக்கு மீறி இறைத்தால், மற்றவர்கள் முறையிடுவதற்கு உரிமைப் பத்திரம் ஏதும் இல்லை. எனவே, ஒவ்வொரு வாளியின் அளவையும் விற்பனைக்கு முன்பே சரிபார்ப்பது ஒன்றே வழி. வகை ஒப்புதலின் தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

இந்தத் தேவை ஏட்டளவிலானது அல்ல என்பதை அமெரிக்காவின் அனுபவம் உணர்த்தியது. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்துக்கான வானிலை ரேடாரில் இடையூறு ஏற்படுவதை அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2009-ஆம் ஆண்டு கண்டறிந்தது. அப்பகுதியில் வெளிப்புறங்களில் நிறுவப்பட்டிருந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் இணையச் சாதனங்களே அதற்குக் காரணம் என்பது ஆய்வில் தெரியவந்தது. விமானம் தரையிறங்கும்போது திடீரெனத் திசை மாறும் ஆபத்தான காற்றை முன்கூட்டியே காட்டும் ரேடார் அது.

வானிலை ரேடார்கள் பல, 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இயங்குகின்றன. வைஃபைக்கு விலக்கு அளிக்கப்பட்ட பட்டையின் நடுவே இப்பகுதி அமைந்துள்ளது. தில்லி லோதி சாலையில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறைத் தலைமையகத்தின் டாப்ளர் ரேடாரும் 'சி' பட்டையைச் சேர்ந்ததே.

இத்தகைய மோதலைத் தவிர்க்க, ரேடாரின் துடிப்பைக் கேட்டால் தானாகவே வேறு சேனலுக்கு மாறும் திறன் ரவுட்டரில் இருக்க வேண்டும் என அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் வலியுறுத்துகின்றன. சேனலைப் பயன்படுத்தத் தொடங்கும் முன் குறைந்தது 60 விநாடிகள் ரவுட்டர் காத்திருந்து கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் வானிலை ரேடார் இயங்கும் சேனல்களுக்கு இந்தக் காத்திருப்பு 10 நிமிடங்கள். ஆய்வகத்தில் செயற்கையான ரேடார் துடிப்புகளை அனுப்பி, சாதனம் உண்மையில் விலகுகிறதா என்று பார்க்கிறார்கள்.

ஆய்வகத்தில் நடப்பது என்ன?

வயர்லெஸ் சோதனை ஆய்வகத்தின் இதயம், எதிரொலி இல்லா அறையாகும். வெளி உலகின் வானொலி, கைபேசி அலைகள் எதுவும் உள்ளே நுழையாதபடி உலோகத்தால் மூடப்பட்ட அறை அது. உட்புறச் சுவர்களில் கூம்பு வடிவ நுரைப் பொருள் பதிக்கப்பட்டிருக்கும். அது அலைகளை விழுங்கிவிடுவதால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை அளவீட்டைக் குழப்புவதில்லை. நடுவே சுழலும் மேடையில் ரவுட்டர் வைக்கப்படுகிறது. மேடை சுழலச் சுழல, ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு ஆற்றல் வெளிப்படுகிறது என்பது பதிவு செய்யப்படுகிறது.

அனுமதிக்கப்பட்ட பட்டைக்குள் ஆற்றல் சரியாக இருப்பது மட்டும் போதாது. பட்டைக்கு வெளியே கசியும் அலைகளும் அளக்கப்படுகின்றன. மலிவான வடிகட்டிகளைப் பயன்படுத்தும் சாதனங்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுவே. அலைபரப்பியின் அதிர்வெண் வெப்பத்தில் நகர்கிறதா என்பதும் பார்க்கப்படுகிறது. கோடையில் 45 டிகிரி செல்சியஸைத் தொடும் தில்லியில், மொட்டை மாடியை ஒட்டிய அறையில் இரவு பகலாக இயங்கும் ரவுட்டருக்கு இது வெறும் சம்பிரதாயச் சோதனை அல்ல.

அடுத்தது மின்காந்த இணக்கச் சோதனை. சாதனம் பிறவற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அதன் ஒரு பாதி. பிறவற்றின் தொந்தரவைச் சாதனம் தாங்க வேண்டும் என்பது மறுபாதி. குளிர்காலத்தில் கம்பளி ஆடை அணிந்தவர் உலோகத்தைத் தொடும்போது 'சுரீர்' என்று அடிக்கும் நிலைமின்சாரத்தை, ஒரு துப்பாக்கி போன்ற கருவியால் சாதனத்தின் மீது செலுத்துகிறார்கள். காற்று வழியாக 8,000 வோல்ட் வரை இது செலுத்தப்படுகிறது. மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் திரும்பும்போது ஏற்படும் மின்னழுத்தத் தாவலும் செயற்கையாக உருவாக்கப்பட்டுச் சோதிக்கப்படுகிறது.

தமிழகத்தில், சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இத்துறையில் நன்கு அறியப்பட்டதாகும். மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்நிறுவனத்தைத் தவிர, அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் நாட்டின் பல நகரங்களில் செயல்படுகின்றன.

அளவுகோலை அளப்பது யார்?

இங்கு ஓர் அடிப்படைக் கேள்வி எழுகிறது. ரவுட்டர் 4 வாட் வரம்பைத் தாண்டவில்லை என்று ஒரு கருவி காட்டுகிறது. அந்தக் கருவி சரியாகக் காட்டுகிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அதற்கான விடை கஃபார் மார்க்கெட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. கரோல் பாக்கை அடுத்த பூசா வளாகத்தில் தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைந்துள்ளது. நாட்டின் அளவீடுகளுக்கு மூல அளவுகோலைப் பேணும் நிறுவனம் இது. இந்திய நேரத்தைத் தீர்மானிக்கும் அணுக் கடிகாரங்கள் இங்குதான் இயங்குகின்றன. அதிர்வெண், மின்னழுத்தம், நுண்ணலை ஆற்றல் ஆகியவற்றுக்கான தேசிய அளவீட்டுத் தரங்களும் இங்கு பேணப்படுகின்றன.

சோதனை ஆய்வகத்தின் கருவி, அதைவிடத் துல்லியமான கருவியுடன் ஒப்பிடப்படுகிறது. அது அதனினும் துல்லியமானதுடன் ஒப்பிடப்படுகிறது. இந்தச் சங்கிலி தேசிய அளவீட்டு நிறுவனம் ஒன்றின் மூல அளவுகோலில் சென்று முடிய வேண்டும். ஆய்வகத்துக்கு அங்கீகாரம் வழங்கும்போது, இச்சங்கிலியில் எந்தக் கண்ணியும் அறுபடவில்லை என்பது சரிபார்க்கப்படுகிறது. சங்கிலி அறுந்தால், கருவி காட்டும் எண் வெறும் எண்ணாகவே நிற்கும்.

தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைந்துள்ள சாலைக்கு டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க் என்று பெயர். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டு பிறந்த தமிழரான கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன், சர் சி.வி.ராமனுடன் இணைந்து ராமன் விளைவு ஆய்வில் பணியாற்றியவர். இந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவரே. 1947-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய இந்த ஆய்வகத்தை, 1950-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி சர்தார் வல்லபபாய் படேல் திறந்து வைத்தார்.

'அட்மின்' என்ற கடவுச்சொல்

அலைகளும் மின்சாரமும் சரியாக இருந்தாலும், உள்ளே இயங்கும் மென்பொருள் பலவீனமாக இருந்தால் பயனில்லை. இந்தியா இதை நேரடியாக அனுபவித்துள்ளது.

2017-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், கர்நாடகம் உள்ளிட்ட பகுதிகளில் பொதுத்துறை நிறுவனமான பிஎஸ்என்எல்-இன் பிராட்பேண்டு மோடம்கள் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளாயின. வாடிக்கையாளர்கள் பலர் இணைய இணைப்பை இழந்தனர். ஆலையிலிருந்து வரும்போதே வைக்கப்பட்டிருந்த 'அட்மின்' என்ற கடவுச்சொல்லை மாற்றாத மோடம்களே பாதிக்கப்பட்டதாகத் தெரிவித்த நிறுவனம், கடவுச்சொல்லை உடனடியாக மாற்றிக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, 'மிராய்' என்ற தீநிரல் அமெரிக்காவில் பெரும் இணைய முடக்கத்தை ஏற்படுத்தியிருந்தது. ரவுட்டர்கள், கண்காணிப்புக் கேமராக்கள் போன்ற சாதனங்களில் ஆலைக் கடவுச்சொற்கள் சிலவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்த்து அது உள்ளே நுழைந்தது. பின்னர் அச்சாதனங்கள் அனைத்தையும் ஒரே இலக்கின் மீது ஏவியது. உரிமையாளர்களுக்கு அது தெரியவே இல்லை. அவர்களுடைய வீட்டில் இணையம் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தது.

இந்த அனுபவங்களுக்குப் பின் பாதுகாப்புச் சோதனையும் தரக் கட்டுப்பாட்டின் அங்கமாகியுள்ளது. பெங்களூருவில் உள்ள தேசியத் தகவல் தொடர்புப் பாதுகாப்பு மையம், இந்தியத் தொலைத்தொடர்புப் பாதுகாப்பு உறுதித் தேவைகள் என்ற தர ஆவணங்களை வகுத்துள்ளது. இத்திட்டத்தில் முன்வரிசையில் சேர்க்கப்பட்ட சாதனங்களில் ஐபி ரவுட்டரும், வாடிக்கையாளர் வீட்டில் வைக்கப்படும் வைஃபை சாதனமும் அடங்கும். நுழைவுக் கடவுச்சொல் வலுவானதா, தேவையற்ற வாசல்கள் திறந்துள்ளனவா, மென்பொருள் புதுப்பிப்பு உண்மையான தயாரிப்பாளரிடமிருந்துதான் வருகிறது என்பதைச் சாதனம் சரிபார்க்கிறதா என்பன போன்றவை சோதிக்கப்படுகின்றன. சிறு நிறுவனங்களின் சுமையைக் குறைக்கும் வகையில், இதற்கான மதிப்பீட்டுக் கட்டணம் 2025-ஆம் ஆண்டு 95 சதவீதம் வரை குறைக்கப்பட்டது.

பிற நாடுகளும் இதே திசையில் செல்கின்றன. எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே ஆலைக் கடவுச்சொல் வைப்பதைப் பிரிட்டன் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி முதல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம், இணையத்துடன் இணையும் வயர்லெஸ் சாதனங்களுக்கான இணையப் பாதுகாப்பு நிபந்தனைகளை 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல் கட்டாயமாக்கியது.

பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இன்று அளந்த அலை ஆற்றல் நாளையும் ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கும். ஆனால், இன்று பாதுகாப்பானதாகத் தெரியும் மென்பொருளில் நாளை ஒரு ஓட்டை கண்டறியப்படலாம். வைஃபை இணைப்பைக் காக்கும் 'டபிள்யூபிஏ2' முறையில் இருந்த பலவீனம், அம்முறை பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த பின்னர், 2017-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஆகவே, தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்புகளை வழங்குவார் என்பதும் தரத்தின் ஒரு பகுதியே.

ஆலையில் ஒவ்வொன்றும், ஆய்வகத்தில் ஒன்று மட்டும்

சான்றிதழ் வழங்கும் ஆய்வகத்துக்குச் செல்வது ஒரு மாடலின் சில மாதிரிகள் மட்டுமே. ஆனால் சந்தைக்கு வருவதோ லட்சக்கணக்கான சாதனங்கள். இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது ஆலையின் தரக் கட்டுப்பாடு.

ஒரே வடிவமைப்பில் தயாரான இரு சர்க்யூட் பலகைகள்கூட முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. உதிரி பாகங்களின் சிறு வேறுபாட்டால் ஒன்றின் அலை ஆற்றல் கூடலாம், மற்றொன்றில் குறையலாம். எனவே, தயாரிப்பு வரிசையில் ஒவ்வொரு ரவுட்டரும் அலை புகாத சிறு உலோகப் பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. ஒவ்வொரு சேனலிலும் அதன் ஆற்றல் அளக்கப்பட்டு, தேவையான திருத்தம் அதன் நினைவகத்திலேயே எழுதப்படுகிறது. குறிப்பிட்ட அளவு தரவுப் பொட்டலங்கள் அனுப்பப்பட்டு, எத்தனை பிழையின்றிச் சேர்ந்தன என்று கணக்கிடப்படுகிறது. சாதனத்துக்கே உரிய மேக் முகவரியும் அப்போது பதிவு செய்யப்படுகிறது.

இதன் பின்னர், சில மணி நேரம் வெப்பத்தில் தொடர்ந்து இயக்கும் சோதனை உண்டு. மின்னணுப் பொருட்களில் பலவீனமானவை பெரும்பாலும் பயன்பாட்டின் தொடக்கக் கட்டத்திலேயே பழுதாகும் என்ற அனுபவமே இதற்கு அடிப்படை. இறுதியாக, பெட்டியில் அடைக்கப்பட்ட சரக்கிலிருந்து சில எடுக்கப்பட்டு மீண்டும் சோதிக்கப்படுகின்றன. ஆயிரத்தில் எத்தனை எடுப்பது, எத்தனை குறை இருந்தால் முழுச் சரக்கையும் நிராகரிப்பது என்பதற்கான அட்டவணைகள் ஐஎஸ் 2500 என்ற இந்தியத் தரத்தில் வகுக்கப்பட்டுள்ளன.

இந்தப் படிகளில் ஒன்றைத் தவிர்த்தாலும் செலவு குறையும். மலிவு விலைப் போட்டியில் முதலில் சுருக்கப்படுவது சோதனை நேரமே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு ரவுட்டர்களும் ஒன்றுபோலவே தோன்றும்.

பெட்டியில் அச்சிட்ட வேகம்

மேற்கண்ட மூன்று சான்றுகளும் வாடிக்கையாளர் அதிகம் பார்க்கும் ஒன்றுக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை. அதுதான் வேகம்.

உதாரணமாக, '1200' என்று அச்சிடப்பட்ட ஒரு ரவுட்டரை எடுத்துக்கொள்ளலாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் விநாடிக்கு 300 மெகாபிட், 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் 867 மெகாபிட் என்ற இரண்டையும் கூட்டி, முழுமையாக்கிப் பெறப்படுவது அந்த எண். ஆனால் ஒரு கைபேசி ஒரு நேரத்தில் வழக்கமாக ஒரு பட்டையில்தான் இணைகிறது. ஆகவே அந்தக் கூட்டுத்தொகையை எந்தக் கைபேசியும் காண்பதில்லை.

மேலும், 867 என்பது காற்றில் செல்லும் தரவின் கோட்பாட்டு அளவு. சாதனங்கள் ஒன்றுக்கொன்று வழிவிடும் நேரம், பிழை திருத்தம் ஆகியவை போக, பயனாளருக்குக் கிடைப்பது கணிசமாகக் குறையும். இவ்வகை ரவுட்டர்கள் சிலவற்றில் இணையக் கம்பி இணையும் துளையே விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தாது. வாசல் குறுகலாக இருக்க, உள்ளே கூடம் எவ்வளவு அகலமாக இருந்து என்ன பயன்?

நெருக்கமான குடியிருப்புகளில் நிலைமை மேலும் சிக்கலாகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. சுவரோடு சுவராக வீடுகளும் தங்கும் விடுதிகளும் கடைகளும் நிறைந்த கரோல் பாக் போன்ற பகுதியில், ஒரே இடத்தில் பல வைஃபை பெயர்கள் தோன்றுகின்றன. அத்தனையும் இந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 300 மெகாபிட் என்ற எண்ணை எட்டுவதற்குத் தேவையான இரட்டை அகலச் சேனல் அங்கு கிடைப்பது அரிது.

வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்கள் ஒன்றோடொன்று ஒத்து இயங்குகின்றனவா என்பதை, 1999-ஆம் ஆண்டு உருவான வைஃபை அலையன்ஸ் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு சோதித்துச் சான்று வழங்குகிறது. இது சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது அல்ல. தயாரிப்பாளர் விரும்பினால் பெறலாம்.

சந்தையில் கண்காணிப்பு

சான்று பெற்ற மாடலின் பெயரில், சான்று பெறாத சரக்கு விற்கப்பட்டால் என்ன ஆகும்? கரோல் பாக்கில் இக்கேள்வி கற்பனையானது அல்ல. 2025-ஆம் ஆண்டு நவம்பரில், அப்பகுதியில் சட்டவிரோதமாகக் கைபேசிகளைச் சேர்த்துத் தயாரித்து, அவற்றின் ஐஎம்இஐ அடையாள எண்களை மாற்றி வந்த கூடம் ஒன்றைத் தில்லி காவல்துறை கண்டறிந்தது. 1,800-க்கும் மேற்பட்ட கைபேசிகள் பறிமுதல் செய்யப்பட்டன. 5 பேர் கைது செய்யப்பட்டனர். பழைய கைபேசிகளின் மதர்போர்டுகளுக்குப் புதிய உறை பொருத்தி விற்றதாகக் காவல்துறை தெரிவித்தது.

தொலைத்தொடர்பு அடையாள எண்ணைத் திருத்துவது, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் ஆகியவற்றுக்கு உரிய குற்றமாகும். உறைக்கும் உள்ளடக்கத்துக்கும் தொடர்பில்லாத சாதனத்தின் மீது ஒட்டப்பட்டுள்ள எந்தச் சான்றெண்ணும் பொருளற்றதாகிவிடுகிறது. கைபேசிக்குப் பொருந்தும் இவ்வுண்மை ரவுட்டருக்கும் பொருந்தும்.

கைபேசி சிக்னலை வலுப்படுத்துவதாகக் கூறி விற்கப்படும் 'பூஸ்டர்' கருவிகள் மற்றொரு சிக்கல். ரவுட்டரைப் போல இவை விலக்கு பெற்ற பட்டையில் இயங்குவதில்லை. கைபேசி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையில் இயங்குகின்றன. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் இவற்றை வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம் எனத் தொலைத்தொடர்புத் துறை 2022-ஆம் ஆண்டு ஜூலையில் எச்சரித்தது. ஒரு வீட்டில் சிக்னல் கூடும்போது, அதே பகுதியில் அவசர உதவிக்கு அழைக்கும் ஒருவரின் அழைப்பு துண்டிக்கப்படலாம் என்பதே இந்த எச்சரிக்கையின் உட்பொருள்.

இணையவழி விற்பனையும் கண்காணிப்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளது. உரிய ஒப்புதல் விவரமின்றி வாக்கி டாக்கிகளை விற்பனைக்குப் பட்டியலிட்டதற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ஆம் ஆண்டு மே மாதம் 13 நோட்டீஸ்களை அனுப்பியது. அதே மாதத்தில் வானொலி அலைச் சாதனங்களின் இணைய விற்பனைக்கான வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியிடப்பட்டன. அலைவரிசை விவரத்தையும் வகை ஒப்புதலையும் சரிபார்த்த பின்னரே பொருளைப் பட்டியலிட வேண்டும் என அவை கூறுகின்றன.

வாங்குபவர் சரிபார்க்க வேண்டியவை

ஆய்வகக் கருவிகள் ஏதுமின்றி, ஒரு கைபேசியைக் கொண்டே சாமானிய வாடிக்கையாளர் சிலவற்றைச் சரிபார்க்க முடியும்.

அடாப்டரில் உள்ள தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண்ணை, அவ்வமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் இட்டால், அது எந்தத் தயாரிப்பாளருக்கு வழங்கப்பட்டது என்பது தெரியும். பெட்டியில் உள்ள பெயரும் செயலி காட்டும் பெயரும் பொருந்த வேண்டும்.

வகை ஒப்புதல் விவரத்தைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சரல் சஞ்சார்' இணையதளத்திலும், கட்டாயச் சோதனைச் சான்றிதழைத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் தளத்திலும் தேடலாம். நிறுவனத்தின் பெயர் மட்டுமன்றி, மாடல் எண்ணும் எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவசியம். சான்று மாடலுக்கு உரியது. நிறுவனத்துக்கு உரியது அல்ல.

இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரிக்கப்பட்ட நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதிகளின் தேவை. இவை இல்லாத பெட்டி, முறையான வழியில் வந்ததா என்ற ஐயத்துக்கு இடமளிக்கிறது. ரசீது கேட்டுப் பெறுவது, பின்னர் புகார் அளிக்க உதவும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின், முதல் வேலையாக நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அடுத்து, மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டில் பாதிக்கப்பட்ட மோடம்களில் முதல் வேலை செய்யப்பட்டிருந்தால் அந்தத் தாக்குதல் வாசலிலேயே நின்றிருக்கும்.

ஆய்வகம் ஒரு மாதிரியைச் சோதிக்கிறது. ஆலை ஒவ்வொரு சாதனத்தையும் சோதிக்க வேண்டும். அரசு சந்தையைச் சோதிக்க வேண்டும். பூசா வளாகத்தின் மூல அளவுகோலில் தொடங்கும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, கடையில் நின்று ஒட்டுத்தாளைத் திருப்பிப் பார்க்கும் வாடிக்கையாளரே.